மலிதா: அவலில் அமையும் யூத நன்றித் தட்டு

கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களிடம் பல தலைமுறைகளாக எபிரேய நூல்கள் இருக்கவில்லை; ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதிகள், 'ஷெமா' மன்றாட்டு ஆகியவையே எஞ்சியிருந்தன. எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியதால், ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்றே அழைத்தனர். திருமணம், புதுமனை, நேர்த்திக்கடன் என எதற்கு நன்றி சொல்வதாயினும், எலியா தீர்க்கதரிசியை நினைந்து அவர்கள் கூடி உண்பது மலிதா.

முதலில், அரை கிலோ கெட்டி அவலைப் புடைத்து, இருமுறை அலசி, உடனே வடிதட்டில் கொட்டிவிடுங்கள். ஊறவைக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் ஈரத்திலேயே கால் மணி நேரத்தில் அது மெத்தென்றாகிவிடும். ஓர் அவலை விரலிடையே நசுக்கினால் நடுவில் கடினம் தட்டக் கூடாது. அதே சமயம், கைநிறைய அள்ளினால் உருண்டை பிடிக்காமல் உதிர வேண்டும். பக்குவம் முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அடுத்து, ஒரு தேங்காயின் துருவல், 150 கிராம் சீனி, அரைத் தேக்கரண்டி ஏலப்பொடி, நறுக்கிய பாதாம், உலர்திராட்சை ஆகியவற்றைச் சேர்த்து விரல் நுனியால் பிசிறுங்கள். நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்ட நமக்குக் கை துறுதுறுக்கும், வேண்டாம். இறைச்சியோடு பால்பொருள் சேரக் கூடாது என்பது யூத விதி. மலிதாவுக்குப் பின் கறிச் சாப்பாடு வரக்கூடும். இந்த மக்கள் கறிக்குழம்பில் தயிரை விடுத்துத் தேங்காய்ப்பால் ஊற்றுவதற்கும் இதுவே காரணம்.

பெரிய தட்டின் நடுவில் அவலைக் குவித்து, சுற்றிலும் பேரீச்சை, ஆப்பிள், வாழைப்பழம் ஆகியவற்றையும் மணத்திற்கு ரோஜாவையும் வையுங்கள். எந்தப் பழமானாலும் சரி என்று எண்ணிவிட வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு வகைக்கும், உண்ணுமுன் இறைவனைப் போற்றிச் சொல்லும் தனி வாழ்த்துரை உண்டு: பேரீச்சைக்கு 'மரத்தின் கனி', வாழைப்பழத்திற்கு 'நிலத்தின் கனி'. ஆண்டுதோறும் தண்டு நிலைத்து நிற்காத வாழையை அவர்கள் மரபு மரமாகக் கொள்வதில்லை.

அனைவரும் தட்டைச் சூழ்ந்து 'எலியாஹு ஹநாவி' (எலியா தீர்க்கதரிசி) என்ற எபிரேயப் பாடலைப் பாடி, வாழ்த்துரைகளைச் சொன்ன பிறகே உண்ணத் தொடங்குவர். யூதர் அல்லாத வீட்டில் வெறும் சிற்றுண்டியாகச் செய்தாலும் குறையில்லை. தேங்காய் சேர்ந்திருப்பதால் அன்றைக்கே தீர்ந்துபோகும்படி ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.