பத்துக்கு ஆறு: புராஸ்டேட் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

என் பெரியப்பாவின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பது) ஊசியால் திசு எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று, மயிலாப்பூர் வீட்டில் அனைவர் கண்ணிலும் முதலில் பட்டது ‘3+3=6’ என்ற வரிதான். பத்துக்கு ஆறு என்றால் நோய் பாதிக்கு மேல் முற்றிவிட்டது என்று பெரியம்மா முடிவு கட்டிவிட்டார். மதிப்பெண் கணக்கிலேயே வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இன்று பயாப்ஸியில் வழங்கும் முறைப்படி ஆறுதான் தொடக்கம். அதற்குக் கீழான எண் நடைமுறையில் தரப்படுவதில்லை.

முதல் படி, ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா’ என்ற சொல்லையும் அதை அடுத்து வரும் ‘க்ளீசன் ஸ்கோர்’ என்ற வரியையும் கண்டுபிடிப்பது. புராஸ்டேட்டில் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை சுரப்பித் திசுவில் தோன்றும் இந்த வகைதான். டொனால்டு க்ளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1960-களில் வகுத்த முறை என்பதால் ஸ்கோருக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது படியில்தான் சற்று நிதானம் தேவை: கூட்டலின் இரு எண்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் திசு எவ்வளவு உருக்குலைந்திருக்கிறது என்பதை இந்த எண்கள் குறிக்கின்றன. மூன்றில், சுரப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சுற்றுச்சுவரோடு நிற்கும் தனி வீடுகளைப் போல இருக்கும். நான்கில், திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தனங்களைப் போல எந்தச் சுவர் யாருடையது என்று தெரியாதபடி சுரப்பிகள் பின்னிக்கொண்டிருக்கும், அல்லது சரியாக உருவாகாமலே நின்றிருக்கும். ஐந்தில் வீடென்ற அமைப்பே இல்லை. செல்கள் தனித்தனியாகவோ திரளாகவோ சிதறிக் கிடக்கும். பரிசோதித்த திசுவில் அதிகமாகக் காணப்படும் வடிவத்தின் எண் முதலிலும், எஞ்சியவற்றில் மிக மோசமான வடிவத்தின் எண் இரண்டாவதாகவும் எழுதப்படும். ஒரே வடிவம்தான் இருக்கிறதென்றால் அதையே இரட்டித்து எழுதுவார்கள். பெரியப்பாவின் 3+3 அப்படி வந்ததுதான்.

இதனால் 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் ஏழாகவே இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பெரும்பகுதி அமைதியான வடிவம்; பின்னதில் பெரும்பகுதி முரட்டு வடிவம். உறவினர்களிடம் தொலைபேசியில் ‘ஏழு’ என்று மட்டும் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, இரு எண்களையும் வரிசை மாறாமல் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, 2014-இல் சிகாகோவில் கூடிய வல்லுநர்கள் ‘கிரேடு குரூப்’ என்ற ஐந்து படிநிலைகளை ஏற்றுக்கொண்டனர். மூன்றாவது படி, அந்த வரியைப் பார்ப்பது. 3+3 என்றால் குரூப் 1. 3+4 என்றால் 2. 4+3 என்றால் 3. கூட்டுத்தொகை எட்டு என்றால் 4. ஒன்பதும் பத்தும் 5. குரூப் 1 நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆகவே பலருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யாமல், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்படும்போது மறு பயாப்ஸி என்று தொடர்ந்து கண்காணிப்பதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். பெரியம்மாவுக்கு இதை நம்பவே ஒரு வாரம் ஆயிற்று. கேன்சர் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்கிறார்களே என்ற அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

நான்காவது படி, கிரேடையும் ஸ்டேஜையும் பிரித்தறிவது. கிரேடு என்பது செல்களின் குணம். ஸ்டேஜ் என்பது நோய் சென்றிருக்கும் தூரம். ‘கிரேடு குரூப் 4’ என்பதை ‘நான்காம் ஸ்டேஜ்’ என்று படித்துவிட்டு நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் வரும் ‘பைராட்ஸ்’ எண் வேறு. அது படத்தில் தெரியும் சந்தேகத்தின் அளவு மட்டுமே.

சிகிச்சையை முடிவு செய்யும்போது கிரேடு, ஸ்டேஜ், பி.எஸ்.ஏ. மூன்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். பி.எஸ்.ஏ. பத்துக்குக் கீழ், குரூப் 1, சுரப்பிக்குள் அடங்கிய சிறு கட்டி என்றால் குறைந்த அபாயம், பி.எஸ்.ஏ. இருபதைத் தாண்டினாலோ, குரூப் 4 அல்லது 5 என்றாலோ அதிக அபாயம். சிறுநீர்த் தடைக்காக டூட்டஸ்டரைடு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

கடைசியாக, மூன்றையும் நான்கையும் பிரிக்கும் கோட்டில் நிபுணர்களுக்கிடையிலும் கருத்து வேறுபடும். ஊசி எடுத்த துண்டுகள் சுரப்பியின் மிகச் சிறு பகுதியே என்பதால், அறுவைக்குப் பிறகு கிரேடு மாறுவதும் உண்டு. எனவே பெரிய சிகிச்சைக்கு முன் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. அதற்காகத் தாம்பரத்திலிருந்து அடையாறு வரை வெறும் ரிப்போர்ட் நகலோடு போய் நிற்காதீர்கள். பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் எழுத்து மூலம் கேட்டு, கண்ணாடி ஸ்லைடுகளையும் திசு பதிந்த மெழுகு பிளாக்குகளையும் வாங்கிச் செல்லுங்கள். மெழுகு உருகக்கூடும் என்பதால், சித்திரை வெயிலில் காருக்குள் அவற்றை விட்டுவைக்க வேண்டாம்.