டிரைவரை மட்டும் பார்த்தால் போதாது: வேலைக்கு வண்டி ஓட்டுபவர்களின் ஆபத்தை அளப்பதில் நடக்கும் தவறுகள்

"போன வருஷம் எங்கள் வண்டிகளில் ஒரு விபத்துகூட இல்லை." இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும் நிறுவனங்கள் நிறைய. பத்து வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு வருடம் விபத்தில்லாமல் போனால், அதிலிருந்து தெரிந்துகொள்ள ஏறக்குறைய ஒன்றுமில்லை. விபத்து அரிதாக நடப்பது. அடிக்கடி நடப்பவை வேறு: சடன் பிரேக், முன்வண்டியை ஒட்டிப் போவது, வளைவில் ஓவர்டேக், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள். கணக்கு வைக்க வேண்டியது இவற்றைத்தான்.

விபத்தை எண்ணினாலும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவில் 300 கிலோமீட்டர் ஓட்டுபவரையும் பகலில் 40 கிலோமீட்டர் ஓட்டுபவரையும் ஒரே பட்டியலில் வைத்து, முதலாமவரை மோசமான டிரைவர் என்பது அநியாயம். இன்னொன்று: ஒரு வருடம் விபத்து வழக்கத்தைவிடக் கூடியதும் எல்லோரையும் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்கள், அடுத்த வருடம் குறையும். தற்செயலாக ஏறிய எண்ணிக்கை தானாகவே வழக்கமான அளவை நோக்கித் திரும்பும் என்பதால், வகுப்பே நடத்தாமல் இருந்திருந்தாலும் ஓரளவு குறைந்துதான் இருக்கும். பெயர் மட்டும் வகுப்புக்குப் போய்விடும்.

அந்த வகுப்பே பல சமயம் தவறான மருந்து. 1990-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் அவருடன் இருந்தவர்களும் டிரைவர்களின் நடத்தையை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். இன்றும் பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். கவனப்பிசகு, தவறான கணிப்பு, தெரிந்தே விதியை மீறுவது ஆகியவற்றை அது தனித்தனியாகப் பார்க்கிறது. கணிப்பில் தவறுபவருக்குப் பயிற்சி உதவும். வேக வரம்பு என்னவென்று நன்றாகத் தெரிந்தே மீறுபவருக்கு வேக வரம்பைப் பற்றி வகுப்பெடுத்து என்ன ஆகப் போகிறது? ஏன் மீறுகிறார் என்றுதான் கேட்க வேண்டும். வழுக்கும் சாலையில் வண்டியை லாவகமாகக் கையாளக் கற்றுத்தரும் பயிற்சியோ, சிலருக்குத் திறமையைவிடத் தைரியத்தைத்தான் கூட்டுகிறது.

கேள்வித்தாளைக் கொடுக்கும் முறையிலும் ஒரு கோளாறு உண்டு. பெயர் எழுதி மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னால் எல்லோரும் உத்தமர்களாகத்தான் இருப்பார்கள். பெயரில்லாமல் வாங்குங்கள்.

சரி, ஜிபிஎஸ் கருவி பொருத்திவிட்டால் உண்மை தெரிந்துவிடுமே? பாதி தெரியும். பிரேக் வேகமாக அழுத்தப்பட்டதை அது சொல்லும், குறுக்கே குழந்தை ஓடி வந்ததைச் சொல்லாது. அந்தக் கருவி டிரைவருக்குத் தரும் மதிப்பெண்ணை வைத்து அபராதம் போட ஆரம்பித்தால், தேவையான இடத்திலும் பிரேக் போடத் தயங்கும் ஆளை உருவாக்கிவிடுவோம். ஒரே இடத்தில் நான்கு டிரைவர்கள் சடன் பிரேக் போட்டிருந்தால், பார்க்க வேண்டியது அந்த இடத்தை. விபத்தில்லாமல் ஓட்டினால் போனஸ் என்பதிலும் இதே சிக்கல்தான்: சின்ன இடிகள் யாருக்கும் தெரியாமல் மறைக்கப்படும்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு அலுவலகத்திலிருந்துதான் கிளம்புகிறது. வண்டி ஓட்டும்போது செல்போன் பேசாதே என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். "எங்கே இருக்கே?" என்று ட்ரிப்பின் நடுவில் போன் போடுவதும் அதே சூப்பர்வைசர்தான். ஓட்டும்போது போன் பேசினால் விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் ஹெட்செட் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, கவனம் பேச்சில் இருப்பதுதான் பிரச்சினை. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும்.

தூக்கமும் அப்படித்தான். வாசலில் குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கச் சொல்லும் இடங்களில்கூட, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதற்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணி ட்ரிப் கொடுத்தால் கணக்கு அங்கே வந்து நிற்கிறது.

அப்புறம் அவசரம். 30 கிலோமீட்டர் தூரத்தை 60-க்குப் பதில் 70-இல் ஓட்டினால் மிச்சமாவது நாலு நிமிடம் சொச்சம். அதுவும் சிக்னலே இல்லாத சாலையில். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து சுமார் 4 சதவீதம் கூடும். அந்த நாலு நிமிடத்தை ட்ரிப் அட்டவணையில் முதலிலேயே கொடுத்துவிடலாமே?

எதுதான் பலன் தரும்? ஸ்வீடனின் தொலைபேசி நிறுவனத்தில் பயிற்சி, பிரச்சாரம், போனஸ், குழுவாக உட்கார்ந்து பேசுவது என்று நான்கையும் தனித்தனிக் குழுக்களில் சோதித்தார்கள். 1996-இல் வெளியான முடிவில், விபத்து ஆபத்து அதிகம் குறைந்தது பேச உட்கார்ந்தவர்களிடம். டிரைவர்களே பிரச்சினைகளைச் சொல்லி, தாங்கள் என்ன மாற்றிக்கொள்ளப் போகிறோம் என்று தாங்களே முடிவு செய்தார்கள்.

இதை உங்கள் இடத்தில் செய்து பார்ப்பதானால் மேனேஜர் அந்த அறையில் இல்லாமல் இருப்பது நல்லது. இருந்தால் அது இன்னொரு வகுப்பாகிவிடும். பேசி முடித்ததும் பட்டியலை வாங்கிக்கொள்ளட்டும். முதல் வரியிலேயே ட்ரிப் நேரம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.