மீன் கம்பெனிக் கணக்குக்கு எந்த ஃபிரேம்வொர்க்? தேர்ந்தெடுக்கும் முறை

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற ஊர்களில் நண்டும் கணவாயும் வாங்கும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதப் புறப்படுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஜாங்கோவா, லாராவெல்லா என்பதையே. இவை வலைச் செயலிகளை எழுத உதவும் ஆயத்தச் சட்டகங்கள், அதாவது ஃபிரேம்வொர்க்குகள். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, கம்பெனியின் பேரேட்டை முதலில் விரித்துப் பாருங்கள்.

படி 1: பேரேட்டைப் படியுங்கள். படகு, உரிமையாளர், கொடுத்த முன்பணம், அன்றைய எடை, கிலோ விலை, முன்பணத்தில் கழித்த தொகை ஆகியவற்றைத் தாளில் எழுதி, எது எதனோடு தொடர்புடையது என்று கோடு போடுங்கள். யார் எதைத் திருத்தலாம் என்பதையும் குறியுங்கள். எடை போடுபவர் எடையை மட்டும் பதிய, விலையை மாற்றும் உரிமை முதலாளியிடமும் கணக்கரிடமும் இருக்க வேண்டும்.

படி 2: பதிவு எங்கே நடக்கிறது? அலுவலகத்தில் என்றால் பிரவுசர் போதும். சிக்னல் வந்து வந்து போகும் கரையில் என்றால், தரவைக் கைபேசியிலேயே சேமித்துப் பிறகு அனுப்பும் செயலி வேண்டும். அதற்குக் கைபேசிச் செயலி எழுத உதவும் ஃபிளட்டரும், கைபேசிக்குள்ளேயே இயங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டும் பொருந்தும். ஆனால் ஒரே கணக்கை இருவர் இரு கைபேசிகளில் திருத்தினால் எதை ஏற்பது என்ற சிக்கல் தொடக்கநிலையாளருக்குப் பெரும் சுமை. உண்மையிலேயே தேவைப்பட்டாலன்றி அதில் இறங்க வேண்டாம்.

படி 3: பட்டியலைக் குறையுங்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்டு 2005இல் வெளியான ஜாங்கோவில் உள்நுழைவு, பயனர் உரிமைகள், நிர்வாகத் திரை ஆகியவை கூடவே வருவதால், படி 1இல் குறித்தவற்றில் பெரும்பகுதியைச் சில நாட்களிலேயே கண்ணால் பார்க்கலாம். தொடக்கநிலையாளருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எனினும், நாளை பழுது பார்க்க உள்ளூரில் கிடைப்பவர் பிஎச்பி மொழி அறிந்தவர் என்றால், அம்மொழியில் எழுதப்பட்ட லாராவெல்லே சரியான தேர்வு; கவனித்துக்கொள்ள ஆளில்லாத மென்பொருளைக் கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமன்று. ஜாவா மொழியின் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் தனியொருவரின் முதல் முயற்சிக்கு அதிகம். இருப்பும் பொதுக் கணக்கும் மட்டுமே தேவையென்றால், திறந்த மூல மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட்டை முதலில் நிறுவிப் பாருங்கள். புதிதாக எழுதும் தேவையே இல்லாமல் போகலாம்.

படி 4: ஒரே ஒரு திரையைக் கட்டிப் பாருங்கள். மிஞ்சிய இரண்டிலும், அதாவது ஜாங்கோவிலும் லாராவெல்லிலும், கொள்முதல் பதிவை மட்டும் எழுதுங்கள். எடையையும் தொகையையும், தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் ஃபுளோட் வகையில் வைக்காதீர்கள்: பைத்தானில் 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 என்றே விடை வரும். ஜாங்கோவில் தசமத்தைத் துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல்ஃபீல்டு எடுத்து, எடைக்கு மூன்று தசம இடங்களும் தொகைக்கு இரண்டும் கொடுங்கள். கொள்முதல் பதிவும் முன்பணக் கழிவும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் நின்றால் இரண்டும் பதிவாகாமல் போகலாமே தவிர, ஒன்று மட்டும் பதிவாகிப் படகுக்காரரின் கடன் தவறாக நிற்கக் கூடாது.

படி 5: ஆதரவுக் காலத்தைப் பாருங்கள். ஜாங்கோவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. 2025 ஏப்ரலில் வந்த 5.2க்கு 2028 ஏப்ரல் வரை. லாராவெல் பதிப்புகளுக்கு இரண்டு ஆண்டுகள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கொள்முதல் குறைந்திருக்கும்; பதிப்பை உயர்த்த அதுவே ஏற்ற காலம். அப்போதும், தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் உயர்த்திப் பார்த்து, ஒவ்வொரு படகின் முன்பண நிலுவையும் பழைய தொகையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பின்னரே உண்மையான கணக்கில் கை வையுங்கள்.