கல்வெட்டில் குற்றமும் தண்டனையும் தேடிப் படிப்பது எப்படி: ஒரு பத்திர எழுத்தர் சொல்லும் வழி

இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோழர் காலக் கோயில்களுக்குப் போய்ச் சுவரைப் படிப்பேன். அந்தக் காலத்தில் திருடனை, கொலைகாரனை என்ன செய்தார்கள் என்று கல்வெட்டில் பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். எனக்குக் கைவந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கோயில் சுவரில் இருப்பது காவல் நிலையப் பதிவேடு அல்ல, சொத்துப் பத்திரம். யார் கொடுத்தது, எவ்வளவு, நாலெல்லை என்ன, யார் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். குற்றம் அதில் வருவது, "இந்தச் சொத்து எப்படி வந்தது" என்று சொல்லும் இடத்தில்தான். சொத்து முன்பு யாரிடமிருந்து கைமாறி வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரத்தை நாங்கள் பார்ப்போமே, அதே மாதிரி. ஆகவே தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்திக்கும் தானத்துக்கும் நடுவில் உள்ள வரிகளில் கண்ணை வையுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே தொல்லியல் துறை அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியிலிருந்து அந்தக் கோயிலின் பாடத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றால் ஒரு எழுத்தும் பிடிபடாது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். "கொன்று" என்பது கல்லில் "கொனறு" என்று நிற்கும். நடுநடுவே வடமொழிச் சொற்களை எழுதும் கிரந்த எழுத்தும் வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். அப்படித் தடவித் தேய்ந்துபோன வரிகளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

முதல் கல்வெட்டாகக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குப் போங்கள். இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டு. அவன் 985-இல் பட்டத்துக்கு வந்தான், ஆக இது 986-987 வாக்கில் வெட்டியது. அதில் "பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளான" என்று ஒரு தொடர் வரும். அங்கே விரலை நிறுத்துங்கள். இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சொல்லும் வரி அது. தொடர்ந்து சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர்கள் போகும். பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் இருந்த பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். அதாவது அரண்மனைக்கு உள்ளேயே இருந்தவர்கள். பிறகு அவர்களுடைய உறவினர்களின் பட்டியல். பிள்ளைகள், பெண்டாட்டிகள், மாமன்மார் வரைக்கும் நீள்கிறது. அத்தனை பேர் சொத்தும் பறிமுதல்.

நான் முதல் தடவை இதைப் படித்தபோது, கொன்றவர்களின் தலையை எடுத்தார்களா என்றுதான் தேடினேன். ஒரு சொல்கூட இல்லை. கொலை நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அந்த நிலத்தை விற்கும்போது அதன் பழைய கதையாக இது எழுதப்படுகிறது. அதனால் "அவர்களுக்கு மரண தண்டனையே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "இல்லை" என்று கல்வெட்டு சொல்லவில்லை. அது நிலத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பட்டியலில் உள்ள பெண்டாட்டிகளையும் பிள்ளைகளையும் நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

அடுத்து விளக்குக் கல்வெட்டுகள். வேட்டைக்குப் போனவன் விட்ட அம்பு மிருகத்துக்குப் பதில் மனிதன்மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். நாட்டார், அதாவது அந்த வட்டாரச் சபையார் கூடி, எய்தவன் சாக வேண்டாம், கோயிலுக்கு விளக்கு வைக்கட்டும் என்று தீர்க்கிறார்கள். இதைத் தேட "எய்து", "குத்தி", "பட்டான்" என்ற சொற்களைப் பாருங்கள். பட்டான் என்றால் செத்தான். பக்கத்திலேயே "சாவா மூவாப் பேராடு" வரும், எண்ணிக்கை என்றும் குறையாத ஆட்டுமந்தை என்று பொருள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு. அதை மேய்ப்பவர் தினமும் ஒரு உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும், செத்த ஆட்டுக்குப் பதில் ஆடு சேர்க்க வேண்டும். விளக்குதானே என்று லேசாக எண்ணாதீர்கள். இன்றைக்கு 96 ஆட்டை ஒரு குடும்பம் வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். விளக்குக் கல்வெட்டுகளையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, சோழர் காலத்தில் கொலைக்கு விளக்குதான் தண்டனை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கோயிலுக்கு ஆடு வந்ததால் அது கல்லில் ஏறியது. தலை போனவனால் கோயிலுக்கு என்ன வரும், அதை ஏன் வெட்டுவார்கள்? சீனத் துறைமுக அதிகாரி சாவ் ஜு குவா 1225-இல் சோழ நாட்டைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். அவர் இங்கே வந்து பார்த்தவர் அல்ல, வணிகர்களிடம் கேட்டு எழுதியவர். சின்னக் குற்றத்துக்கு மரச்சட்டத்தில் கட்டி 50 முதல் 100 அடி வரை, பெருங்குற்றத்துக்குத் தலையை வெட்டுவது அல்லது யானையை விட்டு மிதிக்க வைப்பது என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படம் ஓரளவு தெளியும்.

"துரோகி" என்ற சொல் வந்தால் யாருக்குத் துரோகி என்று பாருங்கள். இராசத்துரோகி வேறு, சிவத்துரோகி வேறு, கிராமத்துரோகி வேறு. "தண்டம்", "மன்றுபாடு" வந்தால் அபராதம். "பாடிகாவல்" வந்தால் ஊர்க்காவலுக்காக மக்கள் கொடுத்த வரி.

கடைசியாக உத்திரமேரூர். முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், 919, 921. பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் படிக்கிறார்கள். நீங்கள் யாருக்கு இடமில்லை என்ற பகுதியை எடுங்கள். வாரியத்தில், அதாவது ஊர்ச்சபைக் குழுவில், பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைத் திருடியவர், கையூட்டு வாங்கியவர், பொய்ப்பத்திரம் எழுதிய "கூடலேகை செய்தார்". அவர்களோடு "கழுதை ஏறினார்" என்றும் இருக்கும். கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது அன்றைய தண்டனை. அந்த ஒரு சொல் தேர்தல் விதிக்குள் ஒளிந்திருக்கிறது. கூடலேகையும் கழுதையும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பார்த்த அன்று, மறுநாள் கையெழுத்தாக வேண்டிய ஒரு பத்திரத்தை எடுத்து நாலெல்லையை மறுபடி சரிபார்த்தேன்.