வசனம் யாரிடம் சொல்லப்பட்டது? வேதம் வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வாழ்த்தாகப் போகிற வசனம். ஆனால் இதைச் சொன்னது கர்த்தர் அல்ல, யோபுவின் மூன்று சிநேகிதரில் ஒருவனான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனான யோபுவிடம், அவர்கள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்கிற தொனியில் பேசிவிட்டு, அடுத்த மூச்சில் சொன்னது. அதுவும் "நீ சுத்தமானவனாக இருந்தால்" என்ற நிபந்தனையோடு. கடைசி அதிகாரத்தில் கர்த்தர், எலிப்பாஸ்மேலும் அவன் சிநேகிதர் இருவர்மேலும் கோபம் மூண்டதாகவும், அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்றும் சொல்கிறார் (42:7). வேடிக்கை என்னவென்றால், யோபுவின் முடிவு துவக்கத்தைவிட மேலாகவே அமைகிறது. ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி அல்ல.

வசனத்தைத் தனியாகப் பிய்த்தெடுப்பதுதான் மற்ற பல தவறுகளுக்கும் தாய். அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களைப் போட்டவர் ராபேர் எஸ்தியேன் என்ற அச்சகர், 1551-இல். பவுல் எழுதியது கடிதம், எண் போட்ட வாக்கியத் தொகுப்பு அல்ல.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது இது. முந்தின அதிகாரத்தில்தான் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தான். எரேமியாவோ 70 வருடம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பே இல்லை. இந்த மாதமே வேலை கிடைக்கும் என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டும்போது, நம் கையில் இருப்பது எரேமியாவின் செய்தி அல்ல, அனனியாவின் செய்தி.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பின்னணி சொல்கிறோம் என்ற பெயரில் இல்லாத பின்னணியைக் கட்டிவிடுவது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்றார் இயேசு. எருசலேமில் "ஊசியின் காது" என்றொரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் நுழையலாமாம். பிரசங்கங்களில் நன்றாக எடுபடும் கதை. இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. சீஷர்களோ இயேசு சொன்னதைக் கேட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று திகைக்கிறார்கள். முழங்காலிட்டு நுழையக்கூடிய வாசலுக்கு யாரும் அப்படித் திகைக்க மாட்டார்கள். பணக்காரருக்கு வசதியான விளக்கம் என்பதால்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு வசனத்தை வைத்து இன்னொருவர் வாயை அடைப்பது இதைவிடக் கொடிது. சபையில் பெண்கள் பேசக்கூடாது என்பதற்கு 1 கொரிந்தியர் 14:34-ஐக் காட்டுகிறவர்கள், அதே கடிதத்தில் 11:5 பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பான காரியமாகப் பேசுவதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் வாசிப்பது பதில் ஆகாது. 1807-இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமப் பதிப்பு அச்சானது. அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையாகிற பகுதியே அதில் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி இருந்தது.

கேள்வி கேட்டாலே பின்மாற்றம், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகுவது, என்று பயப்படுவதும் தவறுதான். ஆதியாகமம் 1-இன் சிருஷ்டிப்பில் முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள் சூரியன். அப்படியானால் அவை என்ன மாதிரியான நாட்கள்? இது நவீன அவிசுவாசிகள் கிளப்பிய கேள்வி அல்ல. 5-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞரான அகுஸ்தீன் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கேள்வி வந்ததும் விசுவாசத்தையே மூட்டைகட்டி வைக்கிறவர்களும், கேட்காதே என்று அதட்டுகிறவர்களும் ஆதியாகமம் 1-ஐ ஒரே மாதிரிதான், அறிவியல் பாடமாக, வாசிக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள். நான்கே அதிகாரம், சத்தமாக வாசித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற 4:13 வரும்போது, எழுதுகிறவர் கட்டுண்டு காவலில் இருப்பதும், சற்று முன்புதான் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்னதும் உங்கள் நினைவில் இருக்கும்.