ஆலை வாசலில் பிடிக்க ஒரு லினோ சுவரொட்டி

லினோ என்பது உளியால் படம் வெட்டி, மை தடவி, தாளில் அச்சடிக்க உதவும் மெல்லிய தகடு. ஆலைப் புகையைக் கேள்வி கேட்கும் சுவரொட்டியை அதில் செய்வோம். உளியை எடுக்கும் முன் ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். நாற்றம் எப்போது வந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, வீட்டில் யாருக்கு இருமல் என்று அன்றன்றே எழுதுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் காரம் என்றால் சல்பர் டை ஆக்ஸைடு. தென்னாப்பிரிக்காவில் எங்கள் தெற்கு டர்பனில் 2000-ம் ஆண்டு கிரவுண்ட்வர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வாளி முறையைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து, அதில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதுவரை "எங்களுக்கு மூச்சு முட்டுகிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் அதன்பின் வாயுக்களின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். சுவரொட்டிக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

நான் தெற்கு டர்பனின் மெர்பேங்க்வாசி, பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: ஒரு சுவரொட்டிக்கு ஒரு செய்தி போதும். மண்டையோடு, எரியும் பூமி, கறுப்புக் கண்ணீர் எல்லாவற்றையும் எல்லாரும் வரைந்துவிட்டார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. உங்கள் தெருவில் நடந்ததைப் போடுங்கள். இங்கே அதற்குப் பஞ்சமில்லை. 1954-ல் தொடங்கிய எஞ்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2020 டிசம்பர் 4 காலை வெடிவிபத்து நடந்தது. ஷெல்லும் பிபியும் சேர்ந்து நடத்திய சாப்ரெஃப் ஆலையின் குழாயிலிருந்து 2001-ல் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் மண்ணுக்குள் கசிந்தது. இரண்டு ஆலைகளுக்கும் நடுவில் இருக்கிறது செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளி. அங்கே நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா தெரியவந்தது. நான் என்றால் ஒரு பள்ளிப்பையையும் அதன் பக்கப்பையில் ஒரு இன்ஹேலரையும் வரைவேன். வேறு எதுவும் வேண்டாம்.

ஏன் லினோ? இந்த நாட்டின் மண்ணில் வேர்விட்ட கலை அது. எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலைமையத்தில் அறுபதுகளிலிருந்து கறுப்பினக் கலைஞர்கள் லினோவில் பெரிய காரியங்கள் செய்தார்கள். அச்சுப்படம் எவ்வளவு வலியது என்பதை நிறவெறி அரசும் அறிந்திருந்தது. போட்ஸ்வானாவில் இருந்துகொண்டு நிறவெறிக்கு எதிராகச் சுவரொட்டி அச்சடித்த மெடு குழுவின் ஓவியர் தாமி ம்ன்யேலே, 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்கப் படை காபரோனியில் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார். ஒரு தகடு வெட்டினால் நூறு பேர் கையில் நூறு படம். கரண்ட் வேண்டாம், மிஷின் வேண்டாம். லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு இரவிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அச்சடிக்கலாம்.

ஏ4 அளவு லினோ போதும். கடையில் வாங்கியது விறைப்பாக இருந்தால் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள், உளி சுலபமாக ஓடும். படத்தை மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளைக் கவிழ்த்து லினோ மேல் வைத்து, பின்புறம் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். அச்சடிக்கும்போது மறுபடி நேராகிவிடும். எழுத்து இருந்தால் இந்த வழியை விட்டு வேறு வழியில் போகாதீர்கள். ஐ, ஞ, ண போன்றவற்றைக் கண்ணால் பார்த்துத் திருப்பி எழுத முடியாது. எழுத்தின் சுழிகளுக்கு இடம் விட்டுத் தடிமனாக எழுதுங்கள். மெல்லிய கோடு உளிபட்டு உடையும்.

வெட்டி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. உளியை எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். லினோவைப் பிடிக்கும் கை உளிக்குப் பின்னால் இருக்கவேண்டும், முன்னால் ஒருபோதும் வேண்டாம். பிள்ளைகள் கூட இருந்தால் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உளியைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்புலம் முழுவதையும் சுத்தமாகச் சுரண்ட வேண்டாம். அங்கங்கே மிஞ்சும் உளித்தடங்களில் மை ஒட்டி, படத்தில் காற்று ஓடுவதுபோல் தெரியும். புகைக்கு அது பொருத்தம்.

மையைக் கண்ணாடித் துண்டில் ரோலரால் மெல்லியதாக விரியுங்கள். ரோலர் ஓடும்போது சன்னமாக "ஸ்ஸ்" என்று கேட்டால் பதம் சரி. தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். துணியில் அடிக்க வேண்டுமானால் துணி மை வாங்குங்கள், காய்ந்தபின் இஸ்திரி போட்டால் சலவைக்கும் நிற்கும்.

தெருவில் போகும் காருக்குத் தெரியவேண்டிய பதாகை என்றால் லினோ போதாது. பழைய பெட்ஷீட்டில் தூரிகையால் எழுதுங்கள். பத்தடி தூரத்துக்கு எழுத்து ஒரு அங்குல உயரம் என்று கணக்கு. நூறடிக்கு அப்பாலிருந்து படிக்கப் பத்து அங்குலம். அதனால் ஐந்து வார்த்தைக்கு மேல் வேண்டாம். இரு ஓரமும் மடித்துத் தைத்து மூங்கில் கழி செருகுங்கள். முதல் வரி சூலுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், தமிழ் கீழே வரட்டும். பக்கத்து வென்ட்வொர்த் ஜனமும் லாமொண்ட்வில் ஜனமும் நாமும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம், பதாகை எல்லாருக்கும் பேச வேண்டும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. பதினைந்து பேர் வரை நின்றால் அறிவிப்பு தேவையில்லை. அதற்கு மேல் என்றால் 1993-ம் ஆண்டுக் கூட்டச் சட்டப்படி நகராட்சிக்கு ஏழு நாள் முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள். எழுதியதற்குப் பிரதி வையுங்கள். அடுத்தவர் சுவரில் ஒட்டாதீர்கள். வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கினால் வேலிமேல் நிம்மதியாகத் தொங்கவிடலாம். பதாகையில் வசைச்சொல் வேண்டாம். தேதியையும் நடந்ததையும் மட்டும் எழுதினால் வழக்கறிஞர் கடிதம் அனுப்ப ஆலைக்காரர்களுக்கு இடம் குறைவு.

"படம் போட்டு என்ன ஆகும்" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் இந்நாட்டின் கிழக்குக் கரையான வைல்ட் கோஸ்டின் கடலில், எண்ணெயும் எரிவாயுவும் தேட ஷெல் அதிர்வலை ஆய்வு தொடங்கியபோது, நாடெங்கும் கடற்கரைகளில் மக்கள் பதாகை பிடித்து நின்றார்கள். அந்தக் கரையோரக் கிராமத்தவர் நீதிமன்றம் போனார்கள். கடலோடு தங்களுக்கிருக்கும் மூதாதையர் உறவை அங்கே எடுத்துச் சொன்னார்கள். அந்த மாதமே மக்காண்டா உயர்நீதிமன்றம் ஆய்வை நிறுத்திவைத்தது, அடுத்த செப்டம்பரில் அனுமதியையே செல்லாது என்றது. பதாகை மட்டும் தனியாக அதைச் செய்யவில்லை, ஆனால் அது இல்லாமல் அந்தக் கரையில் நடப்பது ஊருக்குத் தெரிந்திருக்காது.

இங்கே இரண்டு ஆலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பதை நிறுத்திவிட்டன. சாப்ரெஃபை அரசு நிறுவனம் இந்நாட்டுப் பணத்தில் ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கிக்கொண்டது. மண்ணுக்குள் இறங்கியதைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது? அடுத்த சுவரொட்டிக்கு அந்தக் கேள்வியைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். தகட்டை அச்சடித்தபின் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, மடக்காமல் தட்டையாக வையுங்கள். பக்கத்துத் தெருவில் யாராவது கேட்டால் மையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.