வளவும் தாழ்வாரமும்: பரப்புக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

இருபடிச் சமன்பாட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காரணிப்படுத்தும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், பரப்பைப் பற்றிய வார்த்தைக் கணக்கு வந்தால் தடுமாறுகிறார்கள். தவறு பெரும்பாலும் தீர்ப்பதில் இல்லை. சமன்பாட்டை எழுதுவதற்கு முன்பே அது நேர்ந்துவிடுகிறது.

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ உள்ள ஒரு செட்டிநாட்டு வீட்டை எண்ணிக்கொள்வோம். வளவின் (வீட்டின் உள்கட்டின்) நடுவே 24 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள திறந்த முற்றம். அதைச் சுற்றி நாற்புறமும் ஒரே அகலத்தில் தாழ்வாரம். தாழ்வாரத்தின் பரப்பு மட்டும் 500 சதுர அடி என்றால், அதன் அகலம் என்ன?

அகலத்தை 'அ' என்று கொண்டதும் பலர் வெளி நீளத்தை 24 + அ என்று எழுதிவிடுகிறார்கள். தாழ்வாரம் இரு பக்கமும் ஓடுவதால் அது 24 + 2அ ஆகும். அவ்வாறே வெளி அகலம் 16 + 2அ. இவற்றின் பெருக்கலிலிருந்து முற்றத்தின் 384 சதுர அடியைக் கழித்து 500-க்குச் சமப்படுத்தினால், அ² + 20அ − 125 = 0 என்று சுருங்கி, (அ + 25)(அ − 5) = 0 ஆகிறது; அகலம் 5 அடி. இரண்டை மறந்தவருக்கோ அ² + 40அ − 500 = 0 என்று வந்து, அதுவும் அழகாகக் காரணிப்பட்டு, 10 அடி என்ற முழு எண் கிடைக்கிறது. முழு எண் வந்துவிட்டதே என்ற நிம்மதிதான் இங்கே மிகவும் ஆபத்தானது. படம் வரைந்து இரு பக்கமும் அகலத்தைக் குறித்துவிட்டால் இந்தப் பிழை நேராது.

500 என்பது எதன் பரப்பு என்பதையும் பார்க்க வேண்டும். முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்து 500 என்று கொண்டால், விடை ஏறத்தாழ 1.36 அடி, அந்த அகலத்தில் ஒருவர் பாய் விரித்துப் படுக்கவும் முடியாது.

குறை எண் மூலத்தைத் தள்ளிவிட்டு, மிகை எண்ணை எடுத்துக்கொள் என்று மனப்பாடம் செய்திருப்பவர்கள் அடுத்த கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். 20 அடிக்கு 14 அடி உள்ள கூடத்தின் ஓரம் முழுவதும், உட்புறமாக, ஒரே அகலத்தில் ஆத்தங்குடிக் கல்லால் கரை பதிக்கிறார்கள். கரையின் பரப்பு 64 சதுர அடி. நடுவில் எஞ்சுவது 216 என்பதால், (20 − 2அ)(14 − 2அ) = 216; சுருக்கினால் அ² − 17அ + 16 = 0. மூலங்கள் 1, 16. இரண்டும் மிகை எண்களே. ஆனால் 14 அடி அகலக் கூடத்தில் 16 அடிக் கரை எப்படி அமையும்? அகலம் 7 அடிக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்ற எல்லையை முதலிலேயே எழுதி வைத்தவர் இதில் திகைக்க மாட்டார். சிலர் பெருக்கல் வடிவைக் கண்டதும் 20 − 2அ = 216 என்று பிரித்துவிடுவதும் உண்டு; வலப்பக்கம் பூச்சியமாக இருந்தால் மட்டுமே அப்படிப் பிரிக்கலாம்.

அதே கரைக்கு எட்டு அங்குலச் சதுரக் கற்கள் எத்தனை வேண்டும் என்று கேட்டால், 64 சதுர அடியை 12-ஆல் பெருக்கி, ஒரு கல்லின் பரப்பான 64 சதுர அங்குலத்தால் வகுத்து, 12 கற்கள் என்பார்கள். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். எனவே வேண்டியவை 144 கற்கள். (ஓரடிக் கரைக்குக் குறுக்கே ஒன்றரைக் கல் என்றால் கொத்தனார் முறைப்பார், அது வேறு விஷயம்.)